எலந்த மரத்துக்கு கவாத்து ஏன், எப்போ, எப்படி: வீட்டுல வளக்கறவங்களுக்கு ஆரம்பப் பாடம்

எலந்த மரம் வெச்சிருக்கற வீட்டுல எல்லாம் கேக்கற கேள்வி ஒண்ணுதான். மரம் நல்லா புசுபுசுன்னு வளந்துடுச்சு, மொட்டை மாடிய தாண்டி போயிடுச்சு, ஆனா காய் மட்டும் உச்சியில எங்கயோ நாலு தொங்குது, கைக்கு எட்டற எடத்துல வெறும் முள்ளு, இது மலட்டு மரமா? மலடும் இல்ல ஒண்ணும் இல்லங்க. அந்த மரத்த யாரும் வெட்டி விடல, அதாவது கவாத்து பண்ணல, அவ்ளோதான். எலந்தய பொறுத்தவரைக்கும் ஒரே ஒரு விஷயம் மனசுல பதிஞ்சிடுச்சுன்னா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். இந்த மரம் இந்த வருஷம் வந்த புதுக் கிளையிலதான் காய்க்கும். பழைய கிளை சும்மா தாங்கி நிக்கும், சத்து கடத்தும், ஆனா காய் அதுல வராது.

பூ வர்ற சீசன்ல மரத்துகிட்ட போய் ஒரு இளங்கிளைய மெதுவா புடிச்சு பாத்தீங்கன்னா இது கண்ணாலயே தெரிஞ்சிடும். எலை மேல்பக்கம் பளபளன்னு கரும்பச்சை, திருப்பினா அடிப்பக்கம் வெள்ளையா மெல்லிசா ரோமம் மூடி இருக்கும், காம்புலேர்ந்து நுனிய பாத்து மூணு நரம்பு ஓடும். அந்த எலக்காம்பு கிளையோட வந்து சேர்ற மூலைய பாருங்க. அங்க பெரும்பாலும் ரெண்டு முள்ளு இருக்கும், ஒண்ணு நேரா ஊசி, இன்னொண்ணு பின்பக்கமா வளைஞ்ச கொக்கி, சட்டைய புடிச்சு இழுக்கறது இந்த கொக்கிதான். அதே மூலையில குட்டி குட்டியா பச்சை மணி ஒரு கொத்து. அது விரிஞ்சா அஞ்சு முனை நட்சத்திரம், பச்சையும் மஞ்சளும் கலந்த கலரு, நடுவுல ஈரமா மினுக்கற ஒரு வட்டம், தேன் சுரக்கறது அங்கதான். வாசனை மல்லிப்பூ வாசனை கிடையாது, கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்கும், அதனாலதான் தேனீ மட்டும் இல்லாம வீட்டு ஈ, குளவி, எறும்பு எல்லாம் வந்து மொய்க்கும். அத பாத்துட்டு பூச்சி வந்துடுச்சுன்னு மருந்து அடிச்சிடாதீங்க, மகரந்தத்த ஒரு பூவுலேர்ந்து இன்னொரு பூவுக்கு கொண்டு போறதே அதுங்கதான்.

இப்ப அதே கிளைய புடிச்சிக்கிட்டே அப்படியே அடிமரத்த நோக்கி வாங்க. கொஞ்ச தூரத்துல பச்சை போய் பழுப்பு பட்டை ஆரம்பிக்கும், அது போன வருஷத்து கிளை. அங்க எலை இல்ல, எலை இல்லன்னா அந்த மூலை இல்ல, மூலை இல்லன்னா பூ இல்ல. அப்போ வருஷா வருஷம் மரத்த சும்மா விட்டா என்ன ஆகும்? புதுக்கிளை எப்பவும் பழசோட நுனியிலதான் வரும், காய்க்கற எடம் வருஷத்துக்கு வருஷம் வெளிய வெளிய, மேல மேல போயிக்கிட்டே இருக்கும். உள்ள வெயில் படாம குச்சி குச்சியா காஞ்சு போகும். கடைசியில பழம் அணிலுக்கும் கிளிக்கும், முள்ளு நமக்கு.

வெட்டினா ஏன் கிளைக்குதுன்னும் தெரிஞ்சு வெச்சிக்கறது நல்லது. ஒவ்வொரு கிளையோட நுனியிலயும் ஆக்சின் அப்படின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், அது கீழ எறங்கி வந்து மத்த மொட்டுங்கள வளர விடாம தூங்க வெக்கும். நுனிய வெட்டிட்டா அந்த தடை போயிடுது, கீழ தூங்கிட்டிருந்த மொட்டெல்லாம் முழிச்சிக்கும். அதுவும் இல்லாம மண்ணுக்குள்ள வேர் அப்படியேதான் இருக்கு, மேல மட்டும்தான் கொறச்சிருக்கோம், அதனால அவ்வளவு பெரிய வேருக்கு இருக்கற பலம் மொத்தமும் மிச்சம் இருக்கற கொஞ்ச மொட்டுக்கு போயி, தடியா நீளமா புதுக்கிளை வரும். தடியான புதுக்கிளைன்னா நெறைய எலை, நெறைய மூலை, நெறைய பூ.

மாமரம் வளத்து பழகினவங்களுக்குத்தான் இது ரொம்ப பயமா இருக்கும். மாமரத்துல முத்தின கிளையோட நுனியிலதான் பூங்கொத்து வரும், அத வெட்டினா அந்த வருஷ காய் போச்சு, அதனால மரத்துல கைய வெக்காதன்னு பெரியவங்க சொல்லி சொல்லி வளந்திருப்போம். அது மாவுக்கு சரி. எலந்தைக்கு அத சொல்லக் கூடாது. கொய்யா வெச்சிருக்கறவங்களுக்கு சட்டுன்னு புரியும், கொய்யாவும் புதுத் துளிர்லதான் காய்க்கும்.

சரி, எப்போ வெட்டறது? இங்கதான் நெறைய பேரு குழம்பறாங்க, ஏன்னா யூடியூப்ல பாக்கற வீடியோ பாதி நம்ம சென்னைக்கு சம்பந்தம் இல்லாதது. ஹரியானா, பஞ்சாப் பக்கம் வீடியோல மே மாசம் வெட்டுங்கம்பாங்க. அங்க பழம் முடியறதே மார்ச் ஏப்ரல்ல, அப்பறம் அந்த அனல்ல மரம் எலைய உதுத்துட்டு தூங்கும், அதனால அங்க மே. அமெரிக்கா வீடியோல குளிர்காலத்துல கொஞ்சூண்டு வெட்டினா போதும்பாங்க. அது மரமே வேற, சீன எலந்த, காயவெச்சு சிவப்பா சுருங்கிப்போன பேரீச்சை மாதிரி டப்பால விக்கறாங்களே அது. குளிர்ல எலைய உதுத்துட்டு நிக்கற மரம் அது, பழைய கட்டையில இருக்கற முடிச்சுலேர்ந்தே வருஷா வருஷம் காய்க்கும், அதனால அத நம்ம மரம் மாதிரி வெட்டக் கூடாது. நம்ம மரத்த அதுமாதிரி வெட்டாம விடவும் கூடாது. பேரு ரெண்டுக்கும் ஜுஜுப்புன்னு இருக்கறதால வர்ற குழப்பம் இது.

நமக்கு கணக்கு ரொம்ப சுலபம். போகி அன்னைக்கு ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் தெலுங்கு பேசறவங்க வீட்டுல சின்ன புள்ளைங்கள உக்கார வெச்சு தலையில எலந்தப்பழத்த கொட்டி ஆசீர்வாதம் பண்ணுவாங்க, கூட சில்லறை காசு, பூ எல்லாம் கலந்து. அவங்க அதுக்கு எலந்தய எடுத்ததுக்கு காரணம் அந்த நேரத்துல பழம் இருக்கும்கறதுதான். அந்த வாரம் மார்க்கெட்டுல, ஸ்கூல் வாசல் தள்ளுவண்டியில எல்லாம் எலந்தப்பழம் குமிஞ்சு கெடக்கும். ஆக பொங்கல ஒட்டி பழம், மாசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஓடும், அது முடிஞ்ச கையோட பிப்ரவரி கடைசி, மார்ச்சுக்குள்ள கவாத்து. அப்போ வெட்டினா சித்திரை வெயில் உச்சத்துக்கு வர்றதுக்குள்ள புதுத்துளிர் வந்து எலை மூடிடும், ஆடி ஆவணி வாக்குல பூக்க ஆரம்பிக்கும், ஐப்பசி மழையில காய் பெருக்கும், மறுபடி பொங்கலுக்கு பழம்.

சோம்பல்பட்டு மே மாசம் தள்ளிட்டீங்கன்னா துளிரும் லேட்டு, பூவும் லேட்டு, போதாததுக்கு அது வரைக்கும் நெழல்லயே இருந்த பட்டை திடீர்னு கத்திரி வெயில்ல நேரா காயும், வெடிக்கும். இன்னொரு பக்கம், புயல் வருதுன்னு நியூஸ் பாத்துட்டு அக்டோபர்ல மொத்தமா மொட்டை அடிக்கறவங்களும் இருக்காங்க. அந்த நேரத்துல வெட்டினா பூவும் பிஞ்சும் சேந்து போயிடும், அந்த வருஷம் பழமே கெடையாது, வெட்டின எடத்துல வேற மழைத்தண்ணி எறங்கி அழுகும். புயல் பயம் நியாயமானதுதான். 2016 டிசம்பர் 12 அன்னைக்கு வர்தா புயல்ல நம்ம ஊருல ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சத நாம எல்லாரும் பாத்தோம். ஆனா அதுக்கும் மருந்து மார்ச் மாச கவாத்துதான். வருஷா வருஷம் கொறச்சு, குட்டையா, நடுவுல காத்து போற மாதிரி வெச்சிருக்கற மரத்துல காத்து புடிக்கறதுக்கு பாரம் கம்மி.

இப்ப வெட்டற வேலை. மொத ரெண்டு மூணு வருஷம் நீங்க பழத்துக்காக வெட்டல, மரத்துக்கு ஒரு எலும்புக்கூடு அமைக்கறதுக்காக வெட்டறீங்க. எலந்தைக்கு நேரா நிக்கற பழக்கம் கெடையாது, கொடி மாதிரி தொங்கி தரையில படுக்கப் பாக்கும். அதனால நட்டவுடனே பக்கத்துல ஒரு நல்ல கழி ஊனி, தண்ட அதுல தளர்வா கட்டி ஏத்துங்க. தரையிலேர்ந்து ரெண்டரை அடி, அதாவது 75 சென்டிமீட்டர் வரைக்கும் ஒத்தத் தண்டு, நடுவுல வர்ற பக்கக் கிளைய எல்லாம் கிள்ளிடுங்க. அந்த உசரம் வந்ததும் நுனிய வெட்டிடுங்க. பக்கத்துலேர்ந்து கிளைங்க வரும், அதுல நாலு திசைக்கு நாலா, ஒண்ணுக்கு மேல ஒண்ணு கொஞ்சம் எடைவெளி விட்டு இருக்கறத வெச்சிக்கிட்டு மீதிய எடுத்துடுங்க. ஒரே எடத்துலேர்ந்து மூணு கிளை கெளம்பினா காய் பாரத்துல அந்த எடம் பொளந்துக்கும், அதனால எடைவெளி முக்கியம். இந்த நாலும்தான் ஆயுசுக்கும் இருக்கப் போற தாய்க்கிளை. மொத வருஷமே காய் வந்துடுச்சேன்னு ஆசையில கைய வெக்காம விட்டா மரம் கோணலா போயிடும், அப்பறம் திருத்தறது கஷ்டம்.

அதுக்கப்பறம் வருஷா வருஷம் பண்ற வேலை வேற. பழம் முடிஞ்சதும் மரத்துக்கு முன்னாடி நின்னு, கத்திரிய கையில எடுக்காம, மொதல்ல சும்மா பாருங்க. காஞ்சது, நோய் வந்தது, ஒண்ணு மேல ஒண்ணு உரசறது, உள்பக்கமா வளைஞ்சு போறது, தரையத் தொடறது, இத எல்லாம் அடியோட எடுத்துடுங்க, யோசிக்கவே வேணாம். அப்பறம் மிச்சம் இருக்கறது போன சீசன்ல காய்ச்ச நீட்டுக் கிளைங்க. அத ஒவ்வொண்ணா புடிச்சு அடியிலேர்ந்து 15 கணுலேர்ந்து 20 கணு வரைக்கும் விட்டுட்டு மேல வெட்டிடுங்க, கிட்டத்தட்ட ஒரு அடி ஒண்ணரை அடி மிஞ்சும். அந்த கிளையிலேர்ந்து பொடிசு பொடிசா பிரிஞ்ச குச்சிங்கள முழுசா எடுத்துடலாம். மொத தடவ பண்றவங்களுக்கு கை நடுங்கும், பாதி வெட்டிட்டு போதும்னு நிறுத்திடுவாங்க, ஆனா எலந்தயில கம்மியா வெட்டினதால வர்ற நஷ்டம்தான் ஜாஸ்தி. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ இன்னும் கீழ எறங்கி தாய்க்கிளைய ஒட்டி வெட்டினா மரம் மறுபடி எளமையா ஆகும்.

ஆப்பிள் எலந்த வெச்சிருந்தா இன்னும் தைரியமா வெட்டலாம். தாய்லாந்துலேர்ந்து வந்த ரகம் அது, முள்ளு ரொம்ப கம்மி, பச்சையா பெருசா காய்க்கும், இப்ப தள்ளுவண்டியில கிலோ கணக்குல விக்கறாங்க. தோட்டமா போட்டிருக்கற விவசாயிங்க வருஷா வருஷம் பழம் முடிஞ்சதும் அடிமரத்த மட்டும் விட்டுட்டு மொத்தமா வெட்டிடறாங்க, அஞ்சாறு மாசத்துல அது மறுபடி ஆள் உசரம் தாண்டி வளந்து காய்ச்சு குலுங்குது. மாடியில ட்ரம்ல வெக்கறதுக்கு இது நல்ல ரகம்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம், எவ்ளோ சின்னதா வெச்சாலும் கோச்சிக்காது.

வெட்டு எப்படி விழணும்கறது சின்ன விஷயமா தெரியும், ஆனா அதுலதான் மரத்தோட ஆரோக்கியம் இருக்கு. வெளிய பாத்து இருக்கற ஒரு மொட்ட பாத்துக்கோங்க, அதுக்கு கால் இஞ்சு மேல, மொட்டுக்கு எதிர்ப்பக்கமா சரியற மாதிரி சாய்வா வெட்டுங்க, அப்பதான் தண்ணி மொட்டு மேல வழியாது. ரொம்ப ஒட்டி வெட்டினா மொட்டு காஞ்சிடும், ரொம்ப தள்ளி வெட்டினா அந்த துண்டுக் குச்சி காஞ்சு உள்பக்கமா அழுகல் எறங்கும். கட்டைவிரல் தடிமன் வரைக்கும் கவாத்து கத்திரி போதும். கத்திரி கூரா இருக்கணும், மொண்ணை கத்திரி பட்டைய நசுக்கிடும், நசுங்கின எடத்துலதான் நோய் பூந்துக்கும். அத விட தடியா இருந்தா ரம்பம். ரம்பத்துல வெட்டறப்ப மேலேர்ந்து நேரா அறுக்க ஆரம்பிச்சா, பாதியில கிளை பாரத்துல ஒடைஞ்சு, கீழ அடிமரம் வரைக்கும் பட்டைய உரிச்சிக்கிட்டு வந்துடும். அதனால மொதல்ல அடிமரத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி, கிளையோட அடிப்பக்கத்துலேர்ந்து கால்வாசி அறுங்க. அப்பறம் அதுக்கு கொஞ்சம் வெளிய தள்ளி மேலேர்ந்து அறுங்க, கிளை சுத்தமா விழுந்துடும். மிச்சம் இருக்கற துண்டுக் கட்டைய, அடிமரத்த ஒட்டி லேசா தடிச்சு ஒரு வளையம் இருக்கும் பாருங்க, அந்த வளையத்த விட்டுட்டு அதுக்கு வெளிய அறுங்க. அந்த வளையத்துலேர்ந்துதான் புதுப்பட்டை வந்து காயத்த மூடும்.

பெரிய வெட்டு எல்லாத்துக்கும் போர்டோ பசை தடவுங்க, வெட்டுக் காயத்துல பூஞ்சை வராம தடுக்கற பூச்சு அது. கடையில வாங்க வேணாம், வீட்டுலயே செய்யலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நீத்த சுண்ணாம்பு 100 கிராம், தண்ணி ஒரு லிட்டர். தண்ணிய ரெண்டா பிரிச்சு, ஒரு பிளாஸ்டிக் மக்குல மயில்துத்தத்தையும் இன்னொண்ணுல சுண்ணாம்பையும் தனித்தனியா கரைச்சிட்டு அப்பறம் ஒண்ணா கலக்குங்க. இரும்பு, தகரம், அலுமினிய பாத்திரம் கூடவே கூடாது, மயில்துத்தம் அத அரிச்சிடும், பசையோட வீரியமும் போயிடும். நீலமா தயிர் பதத்துக்கு வரும், பழைய பிரஷ்ல தடவிட்டு மிச்சத்த வெச்சிக்காதீங்க, அன்னன்னிக்கு செஞ்சு அன்னன்னிக்கு தடவறதுதான் வேலை செய்யும். கண்ணுல படாம பாத்துக்கோங்க, சின்ன புள்ளைங்க கைக்கு எட்டற எடத்துல வெக்காதீங்க.

வெட்டின கிளைய தெருவுல போடாதீங்க, ப்ளீஸ். காஞ்ச எலந்தமுள்ளு செருப்ப தாண்டி ஏறும், பைக் டயர காலி பண்ணும், சந்துல வெறும் காலோட ஓடற புள்ளைங்க நம்ம ஏரியாவுல நெறைய. ஆட்டுக்கு எலந்தத் தழைன்னா உசுரு, பக்கத்துல ஆடு வளக்கறவங்க கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவங்களே வந்து கட்டி எடுத்துட்டு போயிடுவாங்க. இன்னொண்ணு, மரம் உங்க காம்பவுண்டுக்கு வெளிய ரோட்டோரமா இருந்தா நீங்களா கத்திய எடுக்காதீங்க, கார்ப்பரேஷன்ல கேட்டுட்டு செய்யுங்க. கரண்ட் கம்பிய தொட்டுட்டிருக்கற கிளையயும் நீங்களா வெட்டாதீங்க, ஈபி ஆளுங்கள கூப்பிடுங்க.

வெட்டினதும் மரம் பாக்கறதுக்கு பாவமா இருக்கும், வீட்டுல எல்லாரும் திட்டுவாங்க, ரெண்டு மூணு வாரம் பொறுத்துக்கோங்க. வேர சுத்தி மண்ண லேசா கொத்தி விட்டு, மக்கின சாணம் ரெண்டு மூணு கூடை, ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு போட்டு தண்ணி விடுங்க. அடிமரத்த ஒட்டி போடாம, கிளை விரிஞ்சிருக்கற அளவுக்கு வெளிய தள்ளி வட்டமா போடணும், சத்து உறிஞ்சற பொடி வேர் அங்கதான் இருக்கு. துளிர் வரும்போது ஒரு வெட்டுக்கு கீழ அஞ்சாறு கெளம்பும். அத்தனையும் விட்டா எல்லாம் நோஞ்சானா போகும், வெளிப்பக்கம் பாத்த ரெண்டு மூணு நல்லத விட்டுட்டு மீதிய கட்டைவிரலால தேய்ச்சு எடுத்துடுங்க, பச்சையா இருக்கும்போதே எடுத்தா கத்திரியே வேணாம்.

இனிமேத்தான் செடி வாங்கப் போறேங்கறவங்களுக்கு. கொட்டைய போட்டு மொளைக்க வெச்சா என்ன பழம் வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, ருசியான பழத்தோட கொட்டையும் புளிச்ச சின்னப் பழ மரமா வரலாம். அதனால மொட்டு ஒட்டு கட்டின செடி, அதாவது காட்டு எலந்தச் செடி மேல நல்ல ரகத்தோட மொட்ட ஒட்ட வெச்சு வளத்த செடிதான் வாங்கணும். பெரிய பழம் வேணும்னா உம்ரான், பனாரஸி, கோலா, கைத்லின்னு பழைய பேரு வாங்கின ரகங்க இருக்கு. சில ரகத்துக்கு தன்னோட மகரந்தம் தனக்கே சேராது, அதனால எடம் இருந்தா ரெண்டு வேற வேற ரகம் வைங்க, இல்ல அக்கம்பக்கத்துல நாட்டு எலந்த இருந்தாலும் போதும். மாதவரம் பக்கம் நர்சரிங்க நெறைய இருக்கு, போனா செடியோட உசரத்த பாத்து மயங்காம, ஒட்டு கட்டின எடத்த குனிஞ்சு பாருங்க. அடிப்பக்கம் ஒரு சின்ன வளைவும் தழும்பும் தெரியணும், அதுக்கு மேலதான் நல்ல ரகம், அதுக்கு கீழ காட்டு எலந்த.

இந்த ஒட்டுத் தழும்ப ஆயுசு முழுக்க மறக்கக் கூடாது. அதுக்கு கீழ இருக்கற காட்டு எலந்தைக்கு வேகம் ஜாஸ்தி, சந்தர்ப்பம் கெடைச்சா அங்கேர்ந்து துளிர் வரும், அந்த துளிர்ல எலை சின்னதா, முள்ளு அடர்த்தியா இருக்கும், மேல இருக்கற நல்ல கிளைய விட கிடுகிடுன்னு வளரும். ஆஹா செடி நல்லா பொழைச்சிக்கிச்சுன்னு சந்தோஷப்பட்டு அத விட்டுட்டா ரெண்டு வருஷத்துல நல்ல ரகம் காணாம போயிடும். வாங்கும்போது பெரிய பழம்னு சொன்னாங்க, இப்ப கோலி சைஸ்ல புளிப்பா காய்க்குதுன்னு நெறைய பேரு நர்சரிக்காரர திட்டறாங்க. அவர் ஏமாத்தியிருக்கவும் கூடும், ஆனா மொதல்ல ஒட்டுக்கு கீழ குனிஞ்சு பாத்துட்டு அப்பறம் திட்டலாம். மாசத்துக்கு ஒரு தடவ பாத்து கீழ வர்றத எல்லாம் பிச்சு எறிஞ்சிடுங்க.

மண்ண பத்தி நம்ம பக்கத்து ஆளுங்க கவலைப்பட வேண்டியது கம்மிதான். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மணல், போர் தண்ணி உப்பு கரிக்கும், ரோஜா வெச்சா ஓரம் கருகும். எலந்த உப்பையும் தாங்கும் வறட்சியயும் தாங்கும், வேர் ஆழமா ஆணி அடிச்ச மாதிரி எறங்கிடும், கடக்கரை ஓரத்துல பழம் சாப்பிடணும்னு ஆசைப்படறவங்களுக்கு இத விட நம்பிக்கையான மரம் எனக்கு தெரிஞ்சு இல்ல. வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பிரச்சனை வேற, மழைக்காலத்துல தண்ணி நிக்கும். பெரிய மரம் கொஞ்ச நாள் தாங்கும், சின்ன செடி தாங்காது, அதனால ஒண்ணரை அடி உசரத்துக்கு மண்ண மேடு கட்டி அது மேல நடுங்க. வீடு கட்டின ரப்பீஷ் கொட்டி நெரவின எடமா இருந்தா மூணு அடிக்கு மூணு அடி குழி தோண்டி செங்கல் செமென்ட் துண்ட எல்லாம் பொறுக்கிட்டு நல்ல மண்ணும் எருவும் போட்டு ரொப்புங்க. செவுத்துலேர்ந்து எட்டு அடியாவது தள்ளி வைங்க, நடந்து போற வழியில வெக்காதீங்க. ஆழமா வேர் விடற மரம்கறதால ஒரு தடவ நட்டா எடம் மாத்த முடியாது, யோசிச்சு வைங்க.

தரையே இல்ல, ஹவுசிங் போர்டு மாடிதான்னா 200 லிட்டர் நீல ட்ரம்ம பாதியா அறுத்தா ரெண்டு தொட்டி, அதுல ஆப்பிள் எலந்த தாராளமா காய்க்கும். அடியில ஓட்டை போட்டு, செங்கல் மேல தூக்கி வைங்க. மாடி தாங்குமான்னு மொதல்ல பாத்துக்கோங்க, தூண், பீம் வர்ற எடத்துக்கு மேலயே வைங்க. ட்ரம்ல ஒரே ஒரு எச்சரிக்கை, தரையில இருக்கற மரம் உப்ப தாங்கறதுக்கு ஒரு காரணம் மழை வந்து கழுவி கீழ கொண்டு போயிடுது, ட்ரம்ல உப்பு போக எடம் இல்ல, சேந்துக்கிட்டே இருக்கும். மண்ணு மேல, ட்ரம் ஓரத்துல வெள்ளையா பூத்துச்சுன்னா அதுதான். ஆர்.ஓ மெஷின்லேர்ந்து வர்ற கழிவுத் தண்ணிய ட்ரம்முக்கு ஊத்தாதீங்க, அதுல உப்பு இன்னும் கெட்டியா இருக்கும். மழைத்தண்ணிய புடிச்சு ரெண்டு மூணு தடவ ஓட்டை வழியா வெளிய வர்ற அளவுக்கு ஊத்தி கழுவி விடுங்க, மத்த நாள்ல அரிசி கழுவின தண்ணி, காய்கறி அலசின தண்ணியே போதும்.

காய் புடிச்சதுக்கப்பறம் ரெண்டு தொல்லை வரும். ஒண்ணு பழ ஈ. பிஞ்சு பட்டாணி சைஸ்ல இருக்கும்போதே தோல குத்தி முட்டை வெச்சிடும், பழம் வெளிய பாக்க அழகா இருக்கும், கடிச்சா உள்ள புழு. அந்த புழு பழத்தோட கீழ விழுந்து மண்ணுக்குள்ள போயி கூட்டுப்புழுவா தூங்கும், அடுத்த சீசனுக்கு ஈயா கெளம்பும். அதனால கீழ விழுந்த பழத்த அன்னன்னிக்கு பொறுக்கி கவர்ல கட்டி தள்ளிடுங்க, மக்கு குழியில போடாதீங்க. ஏப்ரல் மே மாசத்துல மரத்தடி மண்ண நல்லா கெளறி வெயில் படற மாதிரி விட்டா கூட்டுப்புழு காஞ்சு சாகும், கோழியும் மைனாவும் மீதிய பாத்துக்கும். இன்னொண்ணு சாம்பல் நோய். மழை ஓய்ஞ்சு ராத்திரி பனி எறங்கற நவம்பர் டிசம்பர்ல எளங்காய் மேல வெள்ளையா மாவு தூவினாப்புல வரும், காய் சொரசொரன்னு ஆகி வெடிச்சு உதுந்துடும். நனையற கந்தகத்தூள் (வெட்டபிள் சல்பர்) ஒரு லிட்டருக்கு ரெண்டு கிராம் கலந்து சாயங்காலமா அடிங்க, ஆரம்பத்துலயே அடிச்சா நின்னுடும். மார்ச்ல நடுவுல தெறந்து வெட்டின மரத்துல இந்த நோய் வர்றதே கம்மி, உள்ள காத்தும் வெயிலும் போறதால ஈரம் தங்காது.

பழத்த ஒரே நாள்ல மரத்த உலுக்கி எடுக்காதீங்க, எல்லாம் ஒண்ணா பழுக்காது. பச்சை மாறி மஞ்சள் ஏறினத மட்டும் ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ கையால பறிங்க. குட்டையா கவாத்து பண்ணின மரம்னா ஏணியே வேணாம். நாட்டு எலந்தையா இருந்தா நல்லா பழுத்து சுருங்க விட்டு, கொட்டையோட இடிச்சு, மொளகாய், உப்பு, வெல்லம், புளி, பெருங்காயம் சேத்து தட்டி வெயில்ல காய வெச்சா எலந்த வடை. ஆப்பிள் எலந்தயில அது வராது, அந்த புளிப்பே அதுல கெடையாது.

கடைசியா, ஏற்கனவே கைவிட்டுப்போன பெரிய மரம் வெச்சிருக்கறவங்க. தாத்தா காலத்து நாட்டு எலந்த, ரெண்டு மாடி உசரம், பழம் சின்னது, வெட்டி எறிஞ்சிட்டு புதுசு வெக்கலாமான்னு கேப்பாங்க. வேரோட எடுக்காதீங்க, அவ்வளவு ஆழம் போன வேர் கெடைக்கறதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். மார்ச்ல நல்ல மரம் வெட்டறவர கூப்பிட்டு தரையிலேர்ந்து நாலு அடி உசரத்துல தாய்க்கிளைங்கள வெட்டிட்டு, வெட்டுக்கு எல்லாம் போர்டோ பசை தடவிடுங்க. துளிர் வந்து பென்சில் தடிமன் ஆனதும் ஒவ்வொரு கிளைக்கும் ஒண்ணா நல்ல துளிர விட்டுட்டு, அதுல உம்ரானோ ஆப்பிள் எலந்தயோ மொட்டு எடுத்து ஒட்டு கட்ட சொல்லுங்க, ஒட்டு கட்டத் தெரிஞ்ச நர்சரி ஆளு அரை நாள்ல முடிச்சிடுவாரு. ஒட்டு புடிச்சதும் அதுக்கு மேல இருக்கற பழைய துளிர வெட்டிடணும், கீழேர்ந்து வர்ற நாட்டுத் துளிர எடுத்துக்கிட்டே இருக்கணும். ஒரு கிளைய மட்டும் நாட்டு ரகமாவே விட்டு வைங்க, மகரந்தத்துக்கும் ஆச்சு, எலந்த வடைக்கும் ஆச்சு.